எந்த வீட்டுத் தலைக்கட்டு?

ராசாவுக்கு அம்மா எழுதுகிறேன். வேலை இடத்தில் தங்கியிருந்தாலும் தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "டென்ஷன் மத் லோ மா, சப் டீக் ஹோ ஜாயேகா" என்று இந்தியில் கவலைப்படாதே பாட்டுப் பாடி வெட்டிவிடுவாய். தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். மெதுவாகத்தான் வாசிக்க முடியும், நடுவில் என்னை மறித்துப் பேசவும் முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். வாசிக்கத் தடுமாறினால் சுதாவிடம் கொடு. செம்பூரில் அவர்கள் வீட்டில் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறார்கள், அவள் நன்றாக வாசிப்பாள். உன் கழுத்தில் மாலை விழுவதற்கு முன்னால் அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான் இது.

கல்யாணப் பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்வது வழக்கம். மாமனார் வீட்டில் இப்படி இரு, பெண்டாட்டியிடம் அப்படி நடந்துகொள் என்று நானும் மனத்துக்குள் நிறையச் சேர்த்துவைத்திருந்தேன். இப்போது எதைச் சொல்ல வந்தாலும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து கண்ணாடி பார்த்துத் தலை சீவக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு கேவலமாக நடந்துகொண்டேன். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன், புத்தியை நீயே எடுத்துக்கொள்.

நம் சங்கத்தின் முறை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஊரிலிருந்து பம்பாய்க்கு வந்த நம் ஐந்து கிராமத்து ஆட்கள் ஆரம்பித்த சங்கம். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி கட்டுகிறவனுக்குச் சங்கத்தில் ஒரு குரல் உண்டு, செம்பூரில் சங்கம் நடத்துகிற தொழிற்பள்ளியான டெக்னிக்கலில் அவன் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இடம் உண்டு. புருஷன் இல்லாத வீட்டுக்கு அரை வரி. நல்லது கெட்டதுக்குச் சங்கம் வந்து நிற்கும், ஆனால் அரை வரி வீட்டுக்குக் குரலும் கிடையாது, இடமும் கிடையாது. நம் ஒற்றை அறைக் கோலிக்கு வீட்டு வரி கேட்டு மாநகராட்சிக்காரன் ஒருநாளும் வந்ததில்லை, இவ்வளவு சின்ன வீட்டில் என்னத்தைக் கேட்பது என்று விட்டுவிட்டான். சங்கம் விட்டதில்லை. "சர்க்கார் மாஃப் பண்ணுனாலும் சங்கம் பண்ணாது, மா" என்று நீ கேலி செய்வாய்.

இப்போது அந்த மாநகராட்சி டெக்னிக்கல் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டது. கீழ்த்தளத்தைக் கடைக்கு வாடகைக்கு விட்டார்கள் அல்லவா, கடை வந்ததும் கட்டடத்தின் சொத்து வரி எங்கேயோ ஏறிவிட்டது. அதை எல்லாத் தலைக்கட்டின் மேலும் பங்கு போட வேண்டும். பங்கு போட்டால் ஆளாளுக்கு வலிக்கும். அதனால் சங்கத்தின் எல்லையைப் பெரிதாக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், இதுதான் இதுவரை எல்லை. ரோடு போடுவதற்காக வீட்டை இடித்து மான்குர்த்தில் பில்டிங் கொடுத்து அனுப்பினார்களே, அந்த நம்மாட்களையெல்லாம் எல்லை தாண்டிப் போனவர்கள் என்று விலக்கித்தான் வைத்திருந்தோம். புல்டோசர் வந்தது அவர்கள் செய்த குற்றம் போல. இன்று வரிக்கு ஆள் தேவைப்பட்டதும் அவர்கள் மீது பாசம் பொங்கிவிட்டது.

கூட்டம் டெக்னிக்கல் மாடியில் நடந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், வழக்கம்போல. தலைவரின் பக்கத்தில் பொருளாளராகச் சுதாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மா ஆகப் போகிறவள் என்று பெண்கள் என்னை முதல் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். நானும் பட்டுச் சேலையில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். மான்குர்த்தைச் சேர்க்கிற பேச்சு முடிந்து எல்லோரும் கை தட்டியபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இசக்கி அத்தை.

"அண்ணாச்சி, நான் மான்குர்த்து. எனக்கு அரை வரின்னு சொன்னாவ. அரை வேண்டாம், முழு வரியும் கெட்டுதேன். எம் மவளுக்கு டெக்னிக்கல்ல ஒரு எடம் குடுங்க. ஏசி மெக்கானிக் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா."

"முழு வரின்னா தலைக்கட்டுல்லாம்மா" என்றார் தலைவர். "ஒங்க வீட்டுத் தலைக்கட்டு யாரு?"

"நாந்தான். எங்க வீட்டுல வேற ஆரு இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, வேடிக்கையாகச் சொன்னாள் என்ற சிரிப்புதான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்போது ஆண்கள் பக்கம் ஒரு பெரியவர் எழுந்து, "இதுல சிரிக்க என்ன இருக்கு? முன்னால நடந்ததுதானே. நம்ம அருணாசலம் தங்கச்சி மவன் இங்கதான படிச்சான்? அந்த வீட்டுல மட்டும் ஆம்பளை இருந்தானா?" என்று கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. தலைவர் என்னைப் பார்த்து, "ஏம்மா அருணாசலம் தங்கச்சி, நீயே சொல்லு. ஒம் மவனுக்கு யாரு வரி கெட்டுனா?" என்றார்.

சுதாவின் அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மனிதர் முறை தவறாதவர், உனக்குத் தெரியும். பேத்தி பிறந்தால்கூட நாளும் முறையும் பார்த்துத்தான் தூக்குவார் என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். முறைகேடாகப் படித்த பையனுக்கா என் பெண்ணைக் கொடுக்கப் போகிறேன் என்று அவர் நினைத்துவிட்டால்? அழைப்பிதழ் அச்சாகி வீட்டில் இருக்கிறது. என் மனத்தில் அந்த நேரம் அது ஒன்றுதான் இருந்தது.

"எங்க அண்ணன் கெட்டுனாவ" என்றேன். "எம் மவன் எங்க அண்ணன் தலைக்கட்டுல படிச்சான். அண்ணன் வீட்டுப் பிள்ளையாத்தான் படிச்சான்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். யாரும் மேலே எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் உட்காரவில்லை. "ஆம்பளை இல்லாத வீட்டயெல்லாம் தலைக்கட்டுன்னு எண்ண ஆரம்பிச்சா, நாளைக்கு முறைன்னு ஒண்ணு இருக்குமா?" என்றும் சொன்னேன். ஆண்கள் தலையாட்டினார்கள். சுதாவின் அப்பா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பொய்யையாவது பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பேச்சுக்கு எனக்கு இன்றுவரை சமாதானம் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தலைக்கட்டாக இருந்தவள் மாதிரி அல்லவா பேசினேன்!

உண்மையைச் சொல்கிறேன், கேள். உன் அப்பா போனபோது நீ நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். அதிலிருந்து நாம் அரை வரி வீடு. நீ பத்தாவது முடித்ததும் டெக்னிக்கலில் இடம் கேட்டுப் போனேன், முறை இல்லை என்றார்கள். அருணாசலம் மாமா சொன்னார், "எம் பேர்ல எழுதிக்கிடுவோம், ஆனா எங்கிட்ட இப்ப வரி கெட்ட வழியில்ல." அதனால் மாமா பெயரில் முழு வரியை நான் கட்டினேன். எனக்கென்று போட்ட அரை வரியையும் கட்டினேன். ஹேண்ட்பேக்குக்கு ஜிப் தைக்கிற கார்கானாவில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகப் பார்த்தது அதற்குத்தான். அந்த வருஷங்களில் சங்கத்திலேயே அதிக வரி கட்டிய வீடு நம் வீடு. ஆனால் சங்கத்தைப் பொறுத்தவரை நம் வீடு என்று ஒன்று இல்லவே இல்லை.

மாமாவைத் தப்பாக நினைக்காதே. பெயரைக் கொடுத்தார், அன்று அதுவே பெரிது. ஆனால் அந்தப் பெயர் உன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. டெக்னிக்கலில் முதல் நாள் மாஸ்டர் உன்னை "அருணாசலம் வீட்டுப் பையன்" என்று கூப்பிட்டிருக்கிறார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, "மா, நான் மாமா வீட்டுப் பையனா?" என்று கேட்டாய். "ஆமான்னு சொல்லிரு, என்ன குறைஞ்சிறப் போவுது" என்றேன். நீ அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பசியில்லை என்று நினைத்துத் தட்டை எடுத்து மூடிவைத்தேன். என்ன குறைந்தது என்று இப்போது தெரிகிறது.

இதைவிட மோசமானதை இன்னும் எழுதவில்லை. இசக்கி அத்தைக்கு இது எல்லாம் தெரியும். அவள் வீட்டை இடிக்கிறவரைக்கும் தாராவியில் நமக்கு அடுத்த கோலி அவளுடையது. நான் கார்கானாவுக்குப் போனால் நீ வளர்ந்ததே அவள் இடுப்பில்தான். கார்கானாவிலிருந்து நான் வர முடியாதபோது வரியை மாமா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்ததே அவள்தான். யார் கட்டியது, யார் பெயரில் போனது என்பதற்கு அவளைவிடப் பெரிய சாட்சி இந்தப் பம்பாயில் கிடையாது. அன்று கூட்டத்தில் அவள் எழுந்து, "மதினி சொல்லுதது பொய், நான் என் கையால கொண்டு குடுத்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் மகளுக்கு இடம் கிடைத்திருக்கும். என் முகத்தில் கரி பூசியிருப்பார்கள், உன் கல்யாணம் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவள் சொல்லவில்லை, ராசா. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது எனக்குப் பின்னாலேயே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவளோ, "மதினி, பந்திக்கு வெங்காயம் உரிக்க ஆள் சொல்லியாச்சா? இல்லேன்னா நானும் பிள்ளையும் முந்தின நாளே வந்திருதோம்" என்றாள். நான் படியைப் பார்த்தே இறங்கினேன். அவளே மறுபடியும், "ஒங்க மவனப் பாத்துத்தான் எம் பிள்ளைக்கு இந்த ஆசையே வந்துச்சு" என்றாள். குத்திக்காட்டவில்லை, சந்தோஷமாகச் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடந்துவிட்டேன். செம்பூரிலிருந்து எனக்கு என்ன ரயில்? பஸ்ஸில் போகிறவள் நான்.

நீ லிஃப்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்து புலம்புவாய், நினைவிருக்கிறதா? பழைய பில்டிங்குகளில் மேலே போனவர்கள் லிஃப்டின் இரும்புக் கதவைச் சரியாக அடைக்காமல் போய்விடுகிறார்கள், கீழே நிற்பவர் எத்தனை தரம் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் இறங்காது, ஏச்சு விழுவது மட்டும் மெக்கானிக்குக்கு என்பாய். "அவங்களுக்கு மேல போயாச்சு மா, அப்புறம் யார் வந்தா என்ன" என்பாய். அந்தக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனவள் உன் அம்மாதான்.

நடுவில் ஒருநாள் மான்குர்த்துக்குப் போனேன், அவளிடம் மன்னிப்புக் கேட்க. அவள் இருப்பது மேல்மாடி. அவர்கள் பில்டிங் லிஃப்ட் ஓடவில்லை. மூட்டுவலியோடு எப்படி ஏறுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாங்கிப் போன பழத்தோடு திரும்பிவிட்டேன். மூட்டில் அன்று வலி இல்லை. பழத்தையும் நானேதான் தின்றேன்.

அங்கிருந்து மாட்டுங்காவுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏளா, ஆத்தக் கடக்குற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தாச்சுன்னா நீ யாரோ நான் யாரோவா? எம் பேரக் குடுத்தேன். அந்தப் பேர நாற அடிக்கப் பாக்கியா? கல்யாணம் முடியுத மட்டும் பேசாம கெட" என்றார். அவர் சொன்னது அவருக்காக. எனக்கு அது இசக்கி சொல்ல வேண்டிய வார்த்தையாகக் கேட்டது. அவள் சொல்லாததை அண்ணன் வாயால் கேட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன், பேசாமல் கிடக்க மாட்டேன் என்று. சொல்லிவிட்டேனே தவிர, பயம் போகவில்லை. சுதாவின் அப்பா இதைக் கேட்டுக் கல்யாணத்தை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? உனக்காகத்தானே இத்தனையும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அந்தப் பழியையும் உன் தலையில் போட வேண்டாம். உனக்காக மட்டும் இல்லை, பட்டுச் சேலையோடு முதல் வரிசையில் உட்கார எனக்கு ஆசையாக இருந்தது. கல்யாணம் நின்றால் அது என்னால் நின்றது. சுதா உன்னிடம் கோபப்பட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு, நீ ஒன்றும் அறியாத பிள்ளை என்று அவளுக்குத் தெரியட்டும். மறைத்துவைத்துக் கட்டுகிற தாலி நமக்கு வேண்டாம்.

இசக்கி மகளின் விஷயத்தை அன்று தள்ளிவைத்திருக்கிறார்கள். உன் கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் கூட்டம், அதோடு டெக்னிக்கல் அட்மிஷன் முடிகிறது. அன்றுதான் இந்த வருஷத்துப் புது மாப்பிள்ளைகளைத் தலைக்கட்டாகச் சேர்ப்பார்கள். வெற்றிலை பாக்குத் தட்டில் முதல் வரியை வைத்து நீ தலைவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "எந்த வீட்டுத் தலைக்கட்டு?" எந்த வீட்டிலிருந்து பிரிந்து வருகிறாயோ அந்த வீட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். வரி நின்றுபோன வீட்டுப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது முறை, அதனால் உன் அப்பா பெயர் ஆகாது. அருணாசலம் வீடு என்று நீ சொல்வாய் என்றுதான் எல்லோரும் காத்திருப்பார்கள். மாமாவும் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருப்பார்.

நீ போய் நிற்பதற்கு முன்னால் நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அது என் வேலை. உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். அரை வரிக்காரிக்குக் குரல் இல்லை, உட்கார் என்பார்கள். உட்கார மாட்டேன். ஆனால் நான் எவ்வளவு கத்தினாலும் அது சங்கத்தின் காதில் ஏறாது, குரல் இல்லாதவள் பேச்சு அது. அடுத்து நிற்கப் போகிற உனக்குக் குரல் உண்டு. ஒரு பொம்பிளையின் வீட்டிலிருந்து ஒரு தலைக்கட்டு பிரிந்து வந்தது என்று சங்கம் ஒருதரம் ஏற்றுக்கொண்டுவிட்டால், இசக்கியின் வீட்டை வீடு இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்? நீ மாமா பெயரையே சொன்னாலும் நான் கோபப்பட மாட்டேன். புது மாப்பிள்ளை, மாமனார் முன்னால் நிற்கிறாய், பயமாகத்தான் இருக்கும். பயந்து வாய் தவறினவள் நான், உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் போட்டுவிட்டு நேரே மான்குர்த்துக்குப் போகிறேன். லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்றைக்கு ஏறிவிடுவேன். வெங்காயம் உரிக்க வர வேண்டாம், பந்தியில் முதல் இலையில் உட்கார வா என்று அவளைக் கூப்பிட வேண்டும். வருவாளோ என்னவோ.

இத்தனை வருஷத்தில் அந்தச் சங்கத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ராசா. இன்னார் பெண்டாட்டி, அப்புறம் அருணாசலம் தங்கச்சி, நாளைக்குப் பொருளாளர் சம்பந்தி. என் பெயர் என்ன என்று கேட்டால் தலைவருக்கே தெரியாது. உனக்குத் தெரியும். உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்று சர்க்காரே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, எந்த வீடு என்று அவர் கேட்கும்போது, அந்தப் பெயரைச் சொல்ல உனக்கு மனசு வந்தால் கொஞ்சம் சத்தமாகச் சொல். இசக்கியும் அவள் மகளும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.